"ஒருக்காப் பார்த்துத் தாங்கோ": எழுத்தாளருக்கு வாய்க்கவேண்டிய எடிட்டர்

யாழ்ப்பாணத்தில் நாலு புத்தக வெளியீட்டுக்குப் போனவர்களுக்கு அதன் ஒழுங்கு மனப்பாடம். மங்கல விளக்கு, ஆசியுரை, தலைமையுரை, வெளியீட்டுரை, முதற்பிரதி வழங்கல், மதிப்பீட்டுரை, கடைசியில் நூலாசிரியரின் ஏற்புரை. மதிப்பீட்டுரை செய்பவர் கொஞ்ச நேரம் பாராட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அடுத்த பதிப்பிலே கவனிக்கவேண்டிய ஒன்றிரண்டு விசயங்கள்" என்று தொடங்குவார். ஐந்தாவது கதை முடியவேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு பக்கம் ஓடுகிறது என்பார். தங்கச்சிப் பாத்திரத்தின் பெயர் நடுவிலே மாறிவிட்டது என்பார். என்னுரையில் சொன்னதையே முதற்கதையும் திருப்பிச் சொல்கிறது என்பார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் புத்தகம் கட்டி முடிந்து மேசையில் அடுக்கியாயிற்று. 300 அல்லது 500 பிரதி அடித்த தொகுப்புக்கு அடுத்த பதிப்பு வருவது அபூர்வம் என்று மண்டபத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

அவர் சொன்னதெல்லாம் அச்சுக்குப் போவதற்கு முன்னர் ஓர் எடிட்டர் சொல்லியிருக்க வேண்டியவை. எங்களிடம் அந்த வேலை இல்லாமல் இல்லை. பிந்தி நடக்கிறது, அதுவும் ஒலிவாங்கிக்கு முன்னால் நடக்கிறது.

காரணத்தைத் தேடி அதிக தூரம் போகவேண்டாம். காசு எந்த வழியால் போகிறது என்று பார்த்தால் போதும். இங்கே வருகிற இலக்கியப் புத்தகங்களில் பெரும்பாலானவற்றுக்கு எழுத்தாளரே முதலாளி. தட்டச்சுக்கு, பக்க வடிவமைப்புக்கு, அட்டைக்கு, அச்சுக்கு, மண்டபத்துக்கு, வடைக்கும் தேத்தண்ணிக்கும் என்று எல்லாவற்றுக்கும் ஒரு தொகை ஒதுக்குவார். பிரதியைப் படித்துச் செப்பனிடுகிறவருக்கு ஒதுக்கமாட்டார். அந்த அலுவல் "சேர், இதை ஒருக்காப் பார்த்துத் தாங்கோ" என்ற ஒரே வசனத்தில் முடிந்துவிடும். சேர் என்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருப்பார், அல்லது தெரிந்த விரிவுரையாளர், அல்லது ஏற்கெனவே சில புத்தகம் போட்ட மூத்தவர். சும்மா பார்த்துத் தருகிறவரிடம் கடுமையாகப் பாருங்கோ என்று கேட்க ஒருவருக்கும் வாய் வராது. அவருக்கும் கடுமையாகச் சொல்லி உறவைக் கெடுக்கவேண்டிய தேவை இல்லை. ஆகவே அவருடைய பழகிய கை எதைச் செய்யுமோ அதைச் செய்யும்: வலி மிகும் இடம், மிகா இடம், லகர ளகரம், ரகர றகரம். சிவப்புப் பேனையால் ஒற்றுப் போட்ட பிரதி திரும்பி வரும். கூடவே ஒரு வாழ்த்துரையும் வரும்.

ஒற்றுப் பிழை பார்ப்பது வேண்டிய வேலை. ஆனால் அது கடைசி வேலை. நாளைக்கு முழுசாக வெட்டப்போகிற பந்திக்கு இன்றைக்கு ஒற்றுப் போட்டு என்ன பயன்?

இத்தனைக்கும் பதிப்பு வேலையில் இந்த ஊர் ஒருகாலமும் பின்தங்கி நின்றதில்லை. அமெரிக்க மிஷனின் உதயதாரகைப் பத்திரிகை 1841இல் இங்கிருந்து வெளிவந்தது. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். நாவலர் பதிப்பு என்றால் பிழையற்ற பதிப்பு என்று பெயர். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். தொட்டால் ஓரம் உதிர்ந்து, கட்டை அவிழ்த்தால் முறிந்து, புரட்டினால் துண்டாகப் பறக்கிற ஏடுகளோடு தான் பட்ட பாட்டை அவரே எழுதிவைத்திருக்கிறார்.

அவர்கள் தொட்டவற்றில் பெரும்பகுதி இறந்துபோனவர்களின் எழுத்து. எது புலவரின் பாடம், எது ஏடு எழுதியவரின் கைப்பிழை என்று பிரித்தறிவதுதான் அங்கே திறமை. தனக்குப் பிடித்த சொல் ஒன்றை இடையில் செருகிவிட்டால் அது மோசடி. இன்றைய எடிட்டர் இந்த மரபிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தக் கட்டுப்பாட்டைத்தான்: தன்னுடைய தமிழை இன்னொருவரின் பிரதிக்குள் கலக்காமல் இருப்பது. அந்த மரபு கற்றுத்தராத ஒன்றும் உண்டு. உயிரோடு இருக்கிற எழுத்தாளரைக் கூப்பிட்டு முன்னால் இருத்தி, "இந்த இடத்திலே நீங்கள் என்ன சொல்ல வந்தனீங்கள்?" என்று கேட்பதற்குத் தொல்காப்பியரும் நச்சினார்க்கினியரும் இடம் தரவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் அந்த இடத்துக்குச் சஞ்சிகை ஆசிரியர்கள் வந்தார்கள். 1930இல் ஈழகேசரி, 1946இல் மறுமலர்ச்சி, 1966இல் மல்லிகை, 1975இல் அலை. கஸ்தூரியார் வீதியிலிருந்து மல்லிகையை நடத்திய டொமினிக் ஜீவா, கையில் இதழ்க்கட்டோடு தெருத்தெருவாக நடந்து விற்றவர். புதிய ஆட்களைக் கண்டுபிடித்து எழுதவைத்ததுதான் அவர் செய்த பெரிய எடிட்டிங் என்பேன். அ. யேசுராசாவின் அலைக்கு வேறு குணம், அது தெரிவில் கறாரானது. இரண்டும் வேண்டியிருந்தன. ஆனால் சஞ்சிகை ஆசிரியர் செய்வது முக்கியமாகத் தெரிவு. நல்ல கதையைப் போடுவார், கூடாததைத் திருப்பி அனுப்புவார். கிட்டத்தட்ட நல்ல கதை ஒன்றை உண்மையிலேயே நல்ல கதையாக்க எழுத்தாளரோடு இரண்டு மாதம் மினக்கெடுவதற்கு அவருக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்தில் ஒரு பந்தியை மாற்றினால் அதன் பின்னால் வருகிற வரிகளையெல்லாம் குலைத்துக் கோக்கவேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் கோடுபோட்ட கொப்பித் தாளிலும் அச்சடிக்கவேண்டி வந்தது. அப்படியான காலத்தில் கதை வெளிவந்ததே பெரிய காரியம். அப்போது தாள் போதாமல் வெட்டினார்கள். கதைக்காக வெட்டுவது வேறு கணக்கு.

கதைக்காக வெட்டுவது எப்படி இருக்கும் என்று ஒரு பந்தியை வைத்தே பார்க்கலாம். பந்தி நான் இதற்காகவே எழுதியது. 1993இல் நடப்பதாகச் சொல்லப்படுகிற ஒரு கதையின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அம்மா விடிய ஐந்து மணிக்கே எழும்பிவிட்டாள். முற்றத்தைக் கூட்டினாள். தேத்தண்ணி வைத்தாள், குடிக்கவில்லை. மறுபடி விளக்குமாற்றை எடுத்து கூட்டின முற்றத்தையே கூட்டினாள். அவளது உள்ளம் ஆற்றொணாத் துயரத்தில் மூழ்கியிருந்தது. இன்றைக்கு யாழ்தேவியில் மகன் வருகிறான்."

பிழை பார்க்கிற சேர் 'எடுத்து'க்குப் பக்கத்தில் ஒரு 'க்' போடுவார். சரி. இன்னொரு வகையினர் உண்டு, தாங்களும் எழுதுகிறவர்கள். அவர்களின் கையில் 'எழும்பிவிட்டாள்' 'துயிலெழுந்தாள்' ஆகும், 'தேத்தண்ணி' 'தேநீர்' ஆகும், 'கூட்டின' 'பெருக்கிய' ஆகும். அம்மா வீடு மாறிப் போய்விடுவாள்.

நல்ல எடிட்டர் 'ஆற்றொணாத் துயரம்' வருகிற வசனத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்து ஓரத்தில் எழுதுவார்: "கூட்டின முற்றத்தையே கூட்டுகிறாள் என்றதோடு எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த வசனம் வேணுமா?" அவர் வெட்டமாட்டார். கேட்பார். ஏன் கேட்கிறார் என்ற காரணத்தையும் சொல்வார். எழுத்தாளருக்குத் தன் பலம் எங்கே இருக்கிறதென்று அந்தக் காரணத்தில்தான் தெரியவரும். தான் கண்ணால் கண்டு எழுதிய வரியை நம்பாமல் அதற்கு மேலே ஒரு விளக்கத்தைப் பூசுவது இவருடைய பழக்கம் என்றால், அடுத்த பத்துக் கதையிலும் அதை அவரே பிடித்துவிடுவார்.

இரண்டாவது குறிப்பு கடைசி வசனத்துக்கு வரும். "1990க்குப் பிறகு யாழ்தேவி இங்கே வரவில்லையே. மகன் கிளாலியால் வருகிறானா?"

இது வெறும் தகவல் திருத்தம் மாதிரித் தெரியும். 1990இல் நின்ற யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 2014 ஒக்டோபரில். 1993இல் தெற்கிலிருந்து வருகிற ஒருவர் இரவு இருட்டில் கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடக்கவேண்டும். கடற்படை சுடுமா, வள்ளம் வந்து சேருமா என்று கரையில் ஒருவருக்கும் தெரியாது. மகன் கிளாலியால் வருகிறான் என்றால் இந்த அம்மா ஐந்து மணிக்கு எழும்பியிருக்க மாட்டாள், நித்திரையே கொண்டிருக்க மாட்டாள். முதல் வசனம் விழுந்துவிட்டது. அந்த இரண்டாவது கூட்டலுக்கு இப்போது வேறொரு கனம் வருகிறது. ஒரு தகவலைச் சரிபார்க்கப் போய்க் கதையின் தொடக்கத்தையே எழுத்தாளர் திருப்பி எழுதவேண்டி வரும், ஆனால் எழுதப்போவது அவர்தான். எடிட்டர் கேள்வியோடு நின்றுவிட்டார்.

இந்த வகைக் கேள்வி கேட்பதற்கு ஊர் தெரியவேண்டும், காலம் தெரியவேண்டும். நல்லூர்த் திருவிழா நடக்கிற நேரத்தில் பக்கத்துக் காணியில் பனங்கிழங்கு கிண்டுகிறார்கள் என்று ஒருவர் எழுதினால், அது தை மாதத்துச் சாமானல்லவா என்று கேட்கத் தெரியவேண்டும். மின்சாரம் அறுந்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலத்துக் கதையில் மின்விசிறி சுழன்றால் தட்டுப்படவேண்டும். வெளிநாட்டிலிருந்து நினைவை வைத்து எழுதுகிறவர்களுக்கு இந்தச் சறுக்கல்கள் அதிகம், ஊரில் இருந்தே எழுதுகிற இளம் ஆட்களுக்கும் வருகின்றன, அவர்கள் அந்தக் காலத்தைக் காணவில்லை.

இனிப் பேச்சுக்கு வருவோம். யாழ்ப்பாணப் பிரதி ஒன்று எடிட்டரின் கையில் அதிகம் சேதப்படுவது உரையாடலில்தான்.

"எப்ப வந்தனி?", "எப்ப வந்தனீர்?", "எப்ப வந்தனீங்கள்?" மூன்றும் ஒரே கேள்வி. கேட்பவர் யார், கேட்கப்படுபவர் யார், அவர்களுக்கிடையில் எவ்வளவு தூரம் என்பது மூன்றிலும் வேறுவேறு. பத்து வருடம் பேசாமல் இருந்த அண்ணன் வாசலில் நின்று தம்பியிடம் "எப்ப வந்தனீர்?" என்று கேட்டால் கதையில் பாதி அந்த இடத்திலேயே நடந்துவிடும். சென்னையில் பிழை பார்க்கிற ஒருவர் அதை "எப்போ வந்தே?" என்று மாற்றினால் கோபமும் மரியாதையும் சேர்ந்து போய்விடும். எங்கள் பண்டிதர் ஒருவர் "எப்பொழுது வந்தாய்?" என்று திருத்தினாலும் அதே நட்டம்தான். 'உவர்', 'உது', 'உங்கை' எல்லாம் இப்படித்தான். "உவர் என்ன சொல்லுறார்?" என்பதில் இருக்கிற மெல்லிய இளக்காரம் 'இவர்' என்று மாற்றினவுடன் வடிந்துவிடும்.

இந்தச் சண்டை புதிதல்ல. 1960களின் தொடக்கத்தில் மரபுப் போராட்டம் என்று பெயர்பெற்ற வாதத்தில், பேச்சுத் தமிழில் கதை எழுதியவர்களை 'இழிசனர் வழக்கு' எழுதுகிறார்கள் என்று பண்டிதர்கள் சிலர் சாடினார்கள். கண்டிக்கப்பட்டது பேச்சு மட்டுமா? டொமினிக் ஜீவாவும் கே. டானியலும் ஒடுக்கப்பட்ட மக்களைக் கதைக்குள் கொண்டுவந்தபோது அவர்களின் வாய்மொழியும் கூட வந்தது. அந்த மொழியைத் திருத்தச் சொல்வது அந்த ஆட்களை வெளியே நிற்கச் சொல்வதற்கு அதிக தூரத்தில் இல்லை. ஆகையால் இங்கே ஓர் எடிட்டர் உரையாடலில் கைவைக்கும்போது இலக்கணத்தோடு மட்டும் விளையாடவில்லை.

மறுபக்கமும் உண்டு. வடமராட்சிக்காரர் ஒருவரும் தீவகத்துக் கிழவி ஒருத்தியும் கொழும்பில் படித்த பேத்தியும் ஒரே மாதிரிக் கதைக்கிற கதைகள் நிறைய வருகின்றன. பக்கத்துக்குப் பத்து வட்டாரச் சொல்லைத் தூவிவிட்டால் மண்வாசனை வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதையும் எடிட்டர் சொல்லவேண்டும். வாய்விட்டு வாசித்துப் பார்ப்பதைவிட இதற்கு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேருடைய வசனத்தையும் பெயரை மறைத்துவிட்டு வாசித்தால் யார் யாரென்று தெரியவேண்டும்.

எடிட்டர் எதுவரை போகலாம் என்ற கேள்விக்கு உலகம் அடிக்கடி சுட்டுகிற உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. ரேமண்ட் கார்வரின் 1981ஆம் ஆண்டுச் சிறுகதைத் தொகுப்பை எடிட்டர் கோர்டன் லிஷ் சில கதைகளில் பாதிக்கு மேல் வெட்டினார், முடிவுகளை மாற்றினார். கார்வர் 1980இல் புத்தகத்தை நிறுத்தும்படி கெஞ்சிக் கடிதமே எழுதினார். புத்தகம் அப்படியே வந்தது, அதுதான் அவரைப் பெரிய ஆளாக்கியது. வெட்டுப்படாத மூலம் 2009இல், அவர் இறந்து இருபது வருடத்துக்குப் பிறகு வெளிவந்தது. வெட்டியதுதான் சிறந்தது என்பவர்களும் இருக்கிறார்கள், மூலத்தில்தான் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கடிதம்தான் கணக்கு. எழுத்தாளர் வேண்டாம் என்று சொன்ன பிறகு வருகிற புத்தகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அங்கே எடிட்டர் தன் வேலையை விட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

தமிழில் இந்த வேலையை முழுநேரத் தொழிலாக எடுத்தவர்கள் மிகக் குறைவு. சென்னையில் 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கி 2020இல் காலமான எஸ். ராமகிருஷ்ணனின் பெயரைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். ஒரு பிரதியோடு சொல் சொல்லாக உட்கார்ந்திருப்பார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்வதுண்டு. அந்தப் பொறுமைக்குப் பின்னால் ஒரு பதிப்பகம் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். தனியாள் சும்மா செய்கிற வேலையாக அது நடக்கவில்லை.

2009க்குப் பிறகு இங்கே வேறொரு வகைப் பிரதி வரத்தொடங்கியது. இறுதிப் போருக்குள் அகப்பட்டு மீண்டவர்கள், சிறையிலும் முகாமிலும் இருந்தவர்கள், காணாமற்போனவர்களைத் தேடுகிறவர்கள் எழுதுகிற நினைவுக்குறிப்புகள். இவற்றை ஒரு சிறுகதை மாதிரிப் பார்க்க முடியாது. ஒரு தாய் அதே சம்பவத்தை மூன்று அதிகாரத்தில் மூன்று தரம் சொல்லியிருந்தால், கதையில் அது திரும்பச் சொல்லல். இங்கே அவளால் அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை என்பதே செய்தி. இரண்டைத் தூக்கிவிட்டு ஒன்றை வைத்தால் பக்கம் குறையும், சாட்சியமும் குறையும். காலவரிசையை ஒழுங்குபடுத்துவதற்கும் யோசிக்கவேண்டும். நினைவு குழம்பியிருந்தால் அந்தக் குழப்பத்தை அடிக்குறிப்பில் தெளிவாக்கலாம், பிரதியில் மறைக்கக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி பெயர்கள். "வள்ளம் தந்தவரின் பெயர் இருக்கிறது. அவர் ஊரிலே இருக்கிறாரா? அவரிட்டைக் கேட்டனீங்களா?" எழுதினவர் தன் கதையைச் சொல்லச் சம்மதித்திருக்கிறார், கதைக்குள் வருகிற மற்றவர்கள் சம்மதிக்கவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்காத எடிட்டருக்கு எத்தனை இலக்கணம் தெரிந்தும் பயனில்லை.

தொழில்நுட்ப விசயம் ஒன்றையும் சொல்லிவைக்கிறேன், சின்னதுதான், ஆனால் பிராணனை வாங்கும். இங்கே இன்னும் பல பிரதிகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சாகி யுனிகோடுக்கு மாறி வருகின்றன. தட்டச்சுக்காரர் ரகரத்துக்குப் பதிலாகக் கால் போட்டிருப்பார். 'ஆசிரியர்' திரையில் 'ஆசிாியர்' ஆக இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு. தேடினால் அகப்படாது. எடிட்டிங் தொடங்கும் முன்னர் இதைக் களைந்துவிட்டால், எடிட்டர் தன் கண்ணைப் பெரிய வேலைக்கு மிச்சம் பிடிக்கலாம்.

ஆளைத் தெரிவு செய்வதற்கு வருவோம். உறவினரும் வேண்டாம், பழைய மாணவரும் வேண்டாம், பழைய வாத்தியாரும் வேண்டாம் என்று சொல்லத் தோன்றும், ஆனால் யாழ்ப்பாணத்தில் இந்த மூன்றையும் கழித்தால் மிச்சம் யார்? ஆகவே யார் என்பதைவிட என்ன ஒழுங்கில் என்பதைப் பேசித் தீர்ப்பது நல்லது. பார்ப்பவருக்கு ஒரு தொகை கொடுக்கவேண்டும். சின்னத் தொகையானாலும் பரவாயில்லை, கொடுத்தவுடன் இரண்டு பக்கத்துக்கும் வாய் திறக்கும். அவரே வாழ்த்துரை எழுதக்கூடாது. வெளியீட்டு விழாவில் மதிப்பீட்டுரையும் அவர் செய்யக்கூடாது. பிரதியில் கண்ட குறையை மேடையில் சொன்னால் அது காட்டிக்கொடுப்பு, சொல்லாமல் புகழ்ந்தால் அது பொய்.

முழுப் பிரதியையும் ஒரேயடியாகக் கொடுக்காமல் பத்துப் பக்கத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். ஒற்று மட்டும் போட்டு வந்தால், அவரை நல்ல ஒப்புநோக்குநராக வைத்துக்கொண்டு அச்சுக்கு முதல் வாரத்தில் கூப்பிடுங்கள். வசனங்களெல்லாம் அவருடைய நடையில் திரும்பி வந்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, உங்கள் பழைய கோப்பைப் பத்திரமாக வையுங்கள். ஓரத்தில் ஐந்தாறு கேள்வி மட்டும் இருந்து, அதில் இரண்டுக்கு உங்களிடமே பதில் இல்லையென்றால் மிச்சப் பக்கங்களையும் அவரிடம் கொடுங்கள். பக்க வடிவமைப்புக்கு அனுப்புவதற்கு மூன்று மாதமாவது முந்திக் கொடுங்கள். மண்டபத்துக்கு முற்பணம் கட்டி, அழைப்பிதழும் அடித்த பிறகு கொண்டுபோனால் அவராலும் ஒற்றுத்தான் போடமுடியும்.